நாற்பத்தொரு கோடுகள்

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் வலித்தது. பதினாறு வருஷம் தலையில் செங்கல் சுமந்தபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை. சுமை என்றால் ஏற்றலாம், நடக்கலாம், இறக்கலாம். இறக்கின நிமிஷம் உடம்பு தன் கைக்கு வந்துவிடும். ஒருத்தர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலையில் இறக்கிவைக்கிற நிமிஷம் என்று ஒன்று கிடையாது. மூன்று நாளாக அவள் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீ பாக்கிற பார்வையிலயே எனக்கு மூச்சு முட்டுது."

"பேசாம படு."

"ஆஸ்பத்திரியிலதான் ஆளுங்களை முறைச்சுக்கிட்டே உக்காந்திருந்தே. வீட்டுலயுமா? போய்ச் சாயேன் கொஞ்சம். முதுகு வளைஞ்சு கேள்விக்குறி மாதிரி இருக்கே."

மகளுக்குப் பத்தொன்பது வயது, வாய் மட்டும் நாற்பது வயசுக்காரியுடையது. தலையில் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மழித்திருந்தார்கள். தையல் காய்ந்து கறுத்திருந்தது. காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. அதிலிருந்து கிளம்பிய கம்பி கழுத்துத் தோலுக்குள்ளேயே ஏறி, காதுக்குப் பின்னால் வளைந்து, மண்டைக்குள் போய் மறைந்தது. வலிப்பு வந்தால் மூச்சு நின்றுபோகாமல் அந்தக் கம்பி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பெல்ட்டை அனுப்பியிருந்தார்கள். நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற, இரண்டு விரல் அகல நாடா. மூச்சில் நெஞ்சு விரிந்தால் நாடா இழுபடும். இழுபடுவதை அதிலுள்ள சின்னப் பெட்டி ஆஸ்பத்திரித் திரைக்கு அனுப்பும். அங்கே ஒரு கோடு ஏறி இறங்கும். அவள் உறையைக் கிழித்தாள். சலவைத்தூளும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. கொக்கி இருக்கிற பக்கத்தைத் தேடித் திருப்பியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

முடிச்சு. நாடாவைச் சுருக்கி, இரண்டு தடவை சுற்றி, வாலை உள்ளே செருகி இறுக்கின முடிச்சு. எத்தனை முறை வெளுத்தாலும் அவிழாதது.

அவள் கை பெல்ட்டை விட்டுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அளவு பெரிசா இருக்கு. வேற கேக்கணும்."

அவள் அதைக் கொண்டுபோய் ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அந்த முடிச்சு யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும். அவன் போட்டபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

ஆராய்ச்சி வார்டில் அவள் வேலைக்குச் சேர்ந்ததே மகளுக்காக. எட்டு வயதில் மகளுக்கு முதல் வலிப்பு வந்தது. டாக்டரம்மா அன்றைக்கே உடைத்துச் சொல்லிவிட்டார்: "வலிப்பைவிட, அதுல மூச்சு நின்னு திரும்பி வராமப் போறதுதான் ஆபத்து. தூக்கத்துல நடந்தா பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது." அன்றிலிருந்து மகளின் விலாவில் கையை வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள். பதினோரு வருஷம். ஆஸ்பத்திரியின் தரைக்கடித் தளத்தில் இதற்கென்றே ஒரு வார்டு திறக்கிறார்கள், துடைக்கப் பெருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், சித்தாள் வேலையை விட்டுவிட்டுத் துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தாள்.

ஒரு நாள் தரையைத் துடைத்துக்கொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவரைப் பார்த்து, "அவருக்கு மூச்சு நின்னுடுச்சு" என்றாள். இயந்திரத்தின் மணி அதற்கப்புறம்தான் அடித்தது. மறு வாரம் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு பேனா கொடுத்தார்கள்.

டாக்டரம்மாதான் வேலையை விளக்கினார். "மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுல ஒரு பகுதி இருக்கு. அங்க கரண்ட் தொட்டா மூச்சு நின்னுடுது. வலிப்பு அங்க பரவுறப்பவும் அதேதான் நடக்குது. ஆனா அதை ஒட்டியே, வலிப்பு வந்தாலும் மூச்சை நிக்கவிடாம ஓட்டுற இடம் ஒண்ணு இருக்கணும். அதைத்தான் தேடுறோம்."

"எவ்வளவு ஒட்டி டாக்டரம்மா?"

"ஒரு அரிசி நீளம்."

"மூச்சு நின்னா ஆளு திணறிட மாட்டாரா?"

"மாட்டார். அதுதான் இதுல பயங்கரமே. மூச்சு நின்னது அவங்களுக்கே தெரியாது. முழிச்சிருக்கிறவரைக் கேட்டாக்கூட, நல்லா இருக்கேன்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். நெஞ்சு கல்லு மாதிரி கெடக்கும். ஆனா 'மூச்சு எடுங்க'ன்னு சொன்னா எடுத்துடுவார். அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு ஆள் வேணும். அது நீங்க."

வலிப்பில் உடம்பு உதறும்போது பெல்ட் பொய் சொல்லும். உதறலை எல்லாம் மூச்சு என்று காட்டும். அதனால்தான் மனுஷக் கண். ஒரு மூச்சுக்குத் தாளில் ஒரு கோடு. பத்து எண்ணுவதற்குள் அடுத்த மூச்சு வராவிட்டால் சொல்ல வேண்டும், மணியை அழுத்த வேண்டும். வார்டில் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயராகிவிட்டது.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கட்டடத்தில் கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் ஏற்றும்போது வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஒரே மூச்சாகிவிடும். வாங்கும்போது உள்ளே, கொடுக்கும்போது வெளியே. யாராவது ஒருத்தர் பிசகினால் தன் நெஞ்சிலேயே அது தட்டும். படுத்திருப்பவரின் மூச்சோடு அவள் அப்படித்தான் தன் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். அவர் மூச்சு நின்றால் இவள் மூச்சும் நிற்கும், அவருக்குத் தெரியாத திணறல் இவளுக்குத் தெரியும், உடனே சொல்லிவிடுவாள். பன்னிரண்டு பேரை அப்படி இழுத்துப் பிடித்திருக்கிறாள்.

பதின்மூன்றாவது ஆள் வெல்டர்.

முப்பது வயதிருக்கும். புருவத்தில் தீப்பொறி பட்டு முடி முளைக்காத ஒரு இடம். வலிப்பு வந்து சாரத்திலிருந்து விழுந்து பிழைத்தவன். பெல்ட்டின் கொக்கி வழுக்குகிறது என்று அவனே நாடாவில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். "கேஸ் ஹோஸுக்குப் போடுற முடிச்சு கணக்கக்கா. போட்டவன் வந்து அவுத்தாத்தான் உண்டு."

"சரி, படு."

"எண்ணு எண்ணு. ஆனா என் மூச்சுல ஒண்ணு விட்டுப்போச்சு, விட மாட்டேன். வீடு தேடி வந்து கேட்டு வாங்குவேன்."

"வாயை மூடினாத்தானே மூக்கால மூச்சு விடுவே."

அவன் சிரித்தான். கண்ணை மூடும்போதும் அந்தச் சிரிப்பு உதட்டில் இருந்தது.

ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருந்து, மதியத்தில் விளக்கை அணைத்துத் தூங்கவைப்பார்கள். களைத்த மூளையில் வலிப்பு சீக்கிரம் வரும். ஜன்னல் இல்லாத அந்த அறையில் வெளியே என்ன நேரம் என்று தெரியாது. குழாய்களுக்குள் தண்ணீர் ஓடுகிற ஓசை, இயந்திரங்களின் சன்னமான ரீங்காரம், சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, திரையிலிருந்து அவன் முகத்தில் விழுகிற மீன்வயிற்று நிற வெளிச்சம். முந்தைய இரவு வீட்டில் மகளுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருந்தது. அவளும் தூங்கவில்லை.

வெல்டருக்கு வந்தது. உதறினான். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கிளிப் தெறித்து விழுந்தது, பெல்ட்டின் கம்பி பெட்டியிலிருந்து கழன்றது. மண்டைக்குள் ஏழாம் இடத்தில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் தொட்டுப் பார்க்கிற இடங்களில் அன்றைக்கு ஏழாவதுக்குத்தான் சோதனை. உதறல் நின்றது. அவன் அசந்து கிடந்தான். அவள் கோடு போட்டாள். தன் மூச்சை அவன் மூச்சோடு சேர்த்தாள். ஒரு கோடு. இன்னொரு கோடு. முதுகு வலித்தது. கண் திறந்துதான் இருந்தது.

கிளிப் கழன்றதற்கு வெளி அறையில் மணி அடித்தது. டெக்னீஷியன் கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்தான். அவள் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானைத் தட்டி மணியை அமர்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

தாள் மாற்ற அவன் உள்ளே வந்து விளக்கைப் போட்டபோது வெல்டரின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

ஓடி வந்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். அவள் சுவரோடு ஒட்டி நின்று கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வலிப்பு முடிந்த பிறகு நாற்பத்தொரு கோடுகள். செங்கல் அடுக்கினதுபோல் ஒரே சீராக. வலிப்புக்குப் பிறகு வெல்டரின் மூச்சு ஒரு நாளும் சீராக வந்தது கிடையாது. மூன்று வரும், ஒன்று தடுக்கும், இரண்டு சேர்ந்து வரும். இந்தச் சீர் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற ஒரு பொம்பளையுடைய மூச்சு. வரிசையில் பக்கத்து ஆள் சாய்ந்துவிட்டான், கை மட்டும் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டு மாதம் விசாரித்தார்கள். பெல்ட்டில் கோடு இல்லை, கிளிப்பில் எண் இல்லை. இருந்தது அவள் தாள் ஒன்றுதான். டாக்டரம்மா அதை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். அழுதிருந்த கண்.

"இதயம்தான் நின்னிருக்கு. மூச்சு இல்ல. உங்க தாள்தான் அதைச் சொல்லுது. ஏழாம் இடத்துல கரண்ட் இருந்தப்ப, அவ்வளவு பெரிய வலிப்புக்கப்புறம், நாப்பத்தொரு மூச்சு. எவ்வளவு சீரா இருக்கு பாருங்க. இதுவரைக்கும் யாருக்கும் இப்படி வந்ததில்ல." குரல் தாழ்ந்தது. "உங்க பொண்ணுக்கு அந்த இடத்துலதான் வைக்கப்போறோம்."

வாயைத் திறந்தால் போதும். அது என் மூச்சு டாக்டரம்மா. ஒரு வரி. சொன்னால் வார்டுக்குப் பூட்டு, மகளுக்குக் கம்பி இல்லை. மறுபடியும் விலாவில் கை, மறுபடியும் ஒவ்வொரு ராத்திரியும். ஒருவேளை ஏழாம் இடம் நல்ல இடமாகவே இருக்கலாம். அவன் இதயம் நின்றுதான் செத்திருக்கலாம். யார் கண்டது?

அவள் அந்தத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

பெல்ட் வந்த காலையில், பத்து மணிக்கு டெக்னீஷியன் போன் பண்ணினான். "கணக்கம்மா, பெல்ட் வந்துச்சா? திரையில கோடு படுத்தே கெடக்குது."

"வந்துச்சு தம்பி. குளிச்சிட்டுக் கட்டிவிடறேன்."

"ஞாபகமா கட்டுங்க. இன்னிக்கு நாள் பூரா நான்தான் திரையில இருக்கேன்."

வேறு பெல்ட் கொடு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

வெயில் ஏறியது. மாடியில் ஒற்றை அறை. தகரக் கூரை சூட்டில் விரிந்து, அவ்வப்போது யாரோ மேலே கால் மாற்றி நிற்பதுபோல் டப் என்றது. கீழ்வீட்டில் துணி துவைக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு ஓய்ந்தது. தெருவில் ஒரு வண்டி பின்னால் போகும்போது எழுப்புகிற கீச்சொலி, அப்புறம் அதுவும் இல்லை. கரண்ட் போய் மின்விசிறி மெள்ள மெள்ளச் சுழன்று நின்றது. மகள் தலையணையில் சாய்ந்து போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கிற வியர்வை, தலையில் தடவிய மருந்து, தரையில் அடித்துக்கிடக்கும் வெயில், எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. அதற்கடியில் இன்னொன்று. சூடேறிய பிளாஸ்டிக்.

அவள் எழுந்து அடுப்பைப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது. பிளக்குகளை முகர்ந்தாள். இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மகளின் நெஞ்சைப் பார்த்தாள். பழக்கத்தில் தன் மூச்சை அதோடு சேர்க்கப் பார்த்தாள். சேர்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மகளின் கட்டைவிரல் போனில் ஓடிக்கொண்டிருந்தது. கண் எதையோ பார்த்துச் சிரித்தது. நெஞ்சு அசையவில்லை.

ஐந்து. ஆறு. ஏழு.

"குட்டி. மூச்சு எடு."

மகள் இழுத்தாள். நீளமாக. "எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். என்ன உனக்கு இப்ப?"

"எடுக்கல. நின்னு போச்சு."

"நின்னா எனக்குத் தெரியாதா? என் மூக்கு, என் நெஞ்சு. உனக்குத் தூக்கமில்லாம தலை கெட்டுப்போச்சும்மா. உன் வேலைப் பைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவராதே."

"நல்லாத்தான் இருக்கியா?"

மகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவள் முக்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. அவள் கோடு போடவில்லை, தாளே இல்லை. ஆனாலும் சுட்டுவிரல் மடியில் புடவைமேல் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டு கையை இறுக்கி மூடினாள். ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். பார்த்தாள். பெல்ட் ஆணியில் தொங்கியது. வளையமாக, தட்டையாக. கீழே முடிச்சு.

காற்று இல்லை. திரைச்சீலை சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

மறுபடியும் மகள். மூச்சு தடுக்கியது. மூன்று வந்தது, ஒன்று நின்றது, இரண்டு சேர்ந்து வந்தது. மூன்று, ஒரு தடுக்கல், இரண்டு. இந்த நடை அவளுக்குத் தெரியும். மகளுடைய நடை இல்லை இது. பதினோரு வருஷம் கைவைத்துப் பார்த்த விலா அது. அந்த விலாவுக்கு இந்த நடை கிடையாது.

"குட்டி, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இந்த வெயில்லயா?"

"செருப்பைப் போடு. போற வழியில சொல்றேன். டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"என்ன சொல்லணும்?"

மகள் எழுந்து உட்கார்ந்தாள். காலைக் கீழே தொங்கவிட்டாள். அப்படியே இருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உதட்டோரத்தில் நின்றது. அதிகம் பேசுகிற ஆள் தூங்கப் போகும்போது மிச்சம் வைத்துவிட்டுப் போகிற சிரிப்பு.

நெஞ்சு நின்றிருந்தது.

"மூச்சு எடு."

எடுக்கவில்லை.

"குட்டி, மூச்சு எடு!"

மகள் அவளை அன்பாகப் பார்த்தாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

தலையணைக்கடியில், கம்பி வைத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய கையடக்கக் கருவி இருந்தது. கரண்டை நிறுத்துவதற்கு ஒரே பொத்தான். அவள் அழுத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது. மகளின் நெஞ்சு அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஆடியது. சிரிப்பு ஆடவில்லை. கன்னத்தில் அடித்தாள். மறுபடி அடித்தாள். போன் இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலில் எறிந்தாள்.

"சொல்லுங்க கணக்கம்மா."

"தம்பி, மூச்சு நின்னுடுச்சு. வண்டி அனுப்பு. கரண்டை நிறுத்திட்டேன், அப்பவும் வரல. அது தப்பான இடம் தம்பி. ஏழாம் இடம் தப்பு. அந்தத் தாள் பொய். நாப்பத்தொண்ணும் என் மூச்சு, அவனுது இல்ல, நான் தூங்கிட்டேன்..."

"இருங்க, இருங்க. என்ன சொல்றீங்க? திரையைப் பாக்கறேன்... இங்க மணி அடிக்குது. பெல்ட் கழண்டிருக்கும். ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

"மூச்சு எடு! குட்டி, மூச்சு எடு!"

மகளின் நெஞ்சு கல்.

"ம், எடுத்துட்டாங்களே," என்றான் போனில். "கோடு ஏறுச்சு பாருங்க. ஒண்ணு."

அவளுக்குப் புரியவில்லை. மகளின் உதட்டைப் பார்த்தாள். ஓரத்தில் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

"எடுக்கல தம்பி! என் கண்ணு முன்னாடி கெடக்குறா, எடுக்கல! மூச்சு எடுடி!"

"ரெண்டு. அழகா ஏறி இறங்குது. எதுக்கு இப்படிப் பயப்படறீங்க? நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?"

போனுக்குள் டக் என்று ஒரு சத்தம். பொத்தானைத் தட்டுகிற சத்தம். அங்கே அடித்துக்கொண்டிருந்த மணி அமர்ந்தது.

அவள் திரும்பினாள்.

ஜன்னல். ஆணி. பெல்ட்.

அது தட்டையாக இல்லை.

உள்ளே ஒரு நெஞ்சு இருப்பதுபோல் வளையம் உருண்டிருந்தது. அகலமான நெஞ்சு, ஆம்பிளை நெஞ்சு. முடிச்சு இறுகி முன்னால் துருத்தியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக வற்றி, நாடா தளர்ந்து சுவரில் சாய்ந்தது. நின்றது. காத்திருந்தது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் மூச்சு வேண்டும். இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக்கொண்டு மகளைக் கட்டிலில் சாய்த்தாள், மூக்கைப் பிடித்தாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். தன்னிடம் இருந்த மொத்தத்தையும் ஊதினாள். அது உள்ளே போவது தெரிந்தது. சூடாகப் போனது. மகளின் நெஞ்சில் வைத்திருந்த கைக்கு அடியில் எதுவும் எழும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் நாடா இழுபடுகிற சத்தம் கேட்டது. எலாஸ்டிக் விரிகிற, முறுகலான சின்னச் சத்தம்.

"மூணு," என்றான் போனில். "நல்லாத்தான் இருக்காங்க கணக்கம்மா."

சீக்கிரம். இன்னும் சீக்கிரம். அவள் ஊதினாள். பெல்ட் அவசரப்படவில்லை. அதனுடைய நடையில்தான் வரும்: மூன்று, ஒரு தடுக்கல், இரண்டு. இப்போது தடுக்கல். மகளின் கட்டைவிரல் இன்னும் தூக்கியபடியே இருந்தது, நகத்தடியில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

வெல்டருக்கு அவள் தர வேண்டியது நாற்பத்தொரு மூச்சு. மூன்று போயிற்று. இன்னும் முப்பத்தெட்டு பாக்கி.